சட்டாம்பிள்ளையும் முஈதும்

'சட்டாம்பிள்ளை' என்னும் சொல் இன்று ஏறத்தாழ வசைச்சொல்லாகிவிட்டது. அழையாத இடத்தில் நுழைந்து அதிகாரம் செலுத்துவோரைக் கண்டால், "இவர் பெரிய சட்டாம்பிள்ளை!" என்று முகஞ்சுளிக்கிறோம். ஆயின் ஒரு காலத்தில் அது ஒரு பதவியின் பெயர். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணாக்கனாய் இருந்து இளையோர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தவனே சட்டாம்பிள்ளை. அரபு மத்ரஸாக்களிலும் இதற்கு நேரான பதவியொன்று இருந்தது. 'முஈத்' என்பது அதன் பெயர்; திரும்பச் சொல்பவர் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். இவ்விருவரையும் பற்றி எழுதவேண்டும் என்னும் எண்ணம் நூல்களைப் புரட்டுகையில் நமக்கு எழவில்லை. பண்ருட்டியில் மாலைதோறும் நம்மைச் சூழ்ந்து அமரும் பிள்ளைகளின் ஆங்கில வீட்டுப்பாடமே அதனை எழுப்பியது.

நாம் மத்ரஸாவில் ஓதி வளர்ந்தவர்கள். அரபிலக்கணமும் தமிழிலக்கணமும் ஓரளவு அறிவோம். ஆங்கிலத்திலோ அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு பத்தியைக் கடக்கும் அளவுக்கே நமக்குப் பயிற்சி. ஆயினும் ஹஜ்ரத்துக்குத் தெரியாத எழுத்து உலகில் இல்லை என்பது இவ்வூர்த் தாய்மாரின் நம்பிக்கை. அஸருக்குப் பின் குர்ஆன் ஓத வரும் பிள்ளைகள், ஓதி முடித்ததும் பையிலிருந்து ஆங்கிலப் பாடநூலை எடுத்து விரிக்கின்றனர். பக்கத்துத் தெருக்களிலுள்ள பிற சமயத்துப் பிள்ளைகளும் நாளடைவில் அவர்களோடு வந்து சேர்ந்துகொண்டனர். "இந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லுங்க ஹஜ்ரத், எழுதிக்கிறோம்" என்பதே அனைவரின் வேண்டுகோள். பல்லாண்டுகள் நாம் அவ்வாறே சொல்லி வந்தோம். நமக்குத் தெரியாதவிடத்து, கடையில் வாங்கிய விடைநூலைத் திறந்து அதிலுள்ளதைப் படித்தோம், பிள்ளைகள் எழுதிக்கொண்டனர்.

முந்திரிக்கொட்டை உடைக்கும் தாய் ஒருத்தியின் மகன் அப்போது பத்தாம் வகுப்பில் இருந்தான். கொட்டையின் ஓட்டெண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்களால் அவள் மாதந்தோறும் நம்மிடம் நீட்டிய பணத்தை நாம் வாங்கவில்லை. இதனைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வாங்கியிருந்தாலாவது நம் பொறுப்பைப் பற்றி இன்னும் கவலையோடு எண்ணியிருப்போமோ என்று பிற்பாடு தோன்றியது. பையன் நினைவாற்றல் மிக்கவன். நாம் சொன்ன விடைகளை எல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தான். தேர்வு முடிவு வந்தபோது ஆங்கிலத்தில் அவனுக்கு 32. தேறுவதற்கு வேண்டியது 35.

"நீங்க சொல்லிக் கொடுத்தது ஒண்ணுமே வரலை, ஹஜ்ரத்" என்றான்.

வினாத்தாளை வாங்கி, அகராதியை அருகில் வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுதும் பார்த்தோம். அவன் மனனம் செய்தவற்றுள் நான்கைந்து வந்தே இருந்தன. கதையொன்றில் சிறுவன் வீட்டைவிட்டு ஏன் புறப்பட்டான் என்பது ஒரு வினா. நாம் வைத்திருந்த விடைநூலில் அது 'ஒய்' என்று தொடங்கிற்று. தேர்வுத்தாளில் 'வாட் மேட்' என்று தொடங்கிற்று. விடை அவன் நெஞ்சில் இருந்தது, வினா அவன் கண்முன் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை. துணைத்தேர்வு எழுதுமாறு எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அவன் இசையாமல், சென்னையில் உறவினர் ஒருவரின் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். அன்று முதல், நம் உஸ்தாதுமார் நமக்கு எவ்வாறு கற்பித்தனர், அவர்களுக்கு முன்னோர் எவ்வாறு கற்பித்தனர் என்னும் ஆராய்ச்சியில் நம் மனம் சென்றது.

முதலில் நினைவுக்கு வந்தது நன்னூல். அதனை இயற்றிய பவணந்தி முனிவர் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவர். அவ்வரசன் 1178 முதல் 1218 வரை ஆண்டவன். சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளின்படி எழுந்த அந்நூலின் பாயிரத்தில், மாணாக்கன் கல்வி பெறும் வகையைச் சொல்லுமிடத்து முனிவர் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவுதான் அமைதியாகக் கேட்டு உள்ளத்தில் கொண்டாலும், மாணாக்கனுக்குக் கிட்டுவது புலமையின் காற்கூறே. உடன் பயிலும் மாணாக்கரோடு பழகுவதால் இன்னொரு காற்கூறு கிட்டும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வந்து சேரும். கல்வியிற் பாதி, பாடங் கேட்பவனாய் இருக்கும்வரை ஒருவனுக்குக் கிட்டுவதே இல்லை என்பது இதனாற் பெறப்படுகிறது. நன்னூலைப் பலமுறை பாடஞ் சொல்லிய நாமே இக்கணக்கைப் பொருட்படுத்தாமல் கடந்து சென்றிருக்கிறோம்.

ஏறத்தாழ அதே காலத்தில், நடு ஆசியாவின் ஹனஃபி மரபில் வந்த புர்ஹானுத்தீன் ஸர்னூஜி என்னும் அறிஞர் 'தஃலீமுல் முதஅல்லிம்' என்னும் சிறு நூலை எழுதினார். 'ஹிதாயா' என்னும் சட்டநூலை ஆக்கிய மர்கீனானியின் மாணவர் இவர். நம் மத்ரஸா மாணவர்களுக்கு இந்நூல் புதியதன்று. நேற்றைய பாடத்தை ஐந்து முறையும், அதற்கு முந்தியதை நான்கு முறையும், அதற்கும் முந்தியவற்றை முறையே மூன்று, இரண்டு, ஒன்று எனவும் ஓதிவரவேண்டும் என்று இவர் வகுத்திருக்கிறார். மனனத்திற்கு இத்துணை இடங்கொடுத்தவர், தனியே இருந்து ஒரு மாதம் திரும்பத் திரும்ப ஓதுவதைவிடத் தோழரோடு ஒரு நாழிகை வினாவாடுவது மேலானது என்னும் கருத்தையும் அதே நூலில் வைத்திருக்கிறார். வினாவாடும் தோழன் நேர்மையுடையவனாய் இருத்தல் வேண்டும், பிடிவாதக்காரனிடம் சிக்கலாகாது என்று எச்சரிக்கவும் செய்கிறார். சோழநாட்டுச் சமண முனிவரும் ஹனஃபி அறிஞரும் ஒருவரையொருவர் கேள்வியுற்றிருக்கவும் வழியில்லை. ஆயினும் இருவரும் ஒரே துறையில் நீர் அருந்தியவர் போலப் பேசுகின்றனர்.

மத்ரஸாக்களில் இவ்வெண்ணம் ஒரு பதவியாகவே உருப்பெற்றது. பகுதாதின் நிஜாமிய்யா மத்ரஸா 1067-இல் திறக்கப்பட்டது. அதிலும் அதனைப் பின்பற்றி எழுந்த மத்ரஸாக்களிலும் முதர்ரிஸ் எனப்படும் ஆசிரியர் பாடத்தை ஒருமுறை சொல்லிச் சென்றபின், முஈத் அதனை மாணவர்களோடு அமர்ந்து மீண்டும் நடத்தினார். தேர்ச்சிபெற்ற மாணவருள் ஒருவரே பெரும்பாலும் இப்பதவிக்கு அமர்த்தப்பட்டார். 1370-இல் மறைந்த தாஜுத்தீன் சுப்கீ, சமுதாயத்தில் ஒவ்வொரு பதவியினரும் ஆற்றவேண்டிய கடமைகளை எழுதிச் செல்கையில் முஈதையும் விட்டுவிடவில்லை. மற்ற மாணவரைப் போல் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதற்காக அவருக்குச் சம்பளம் தரப்படவில்லை. மாணவர்க்கு விளங்கவைத்துப் பயன் செய்வதே அவர் தொழில் என்பது சுப்கீயின் கண்டிப்பு.

நாம் ஓதிய நாளில் முஈத் என்னும் பெயர் எவருக்கும் வழங்கவில்லை. செயல் மட்டும் இருந்தது. இஷாத் தொழுகைக்குப் பின் மூத்தவர் ஒருவர் விளக்கடியில் அமர்வார். அன்றைய பாடத்தை அவரிடம் மீண்டும் ஓதுவோம். நாமும் மூத்தவர்களானபின் அவ்விடத்தில் அமர்ந்தோம். இப்னு மாலிக்கின் 'அல்ஃபிய்யா' ஆயிரம் அடிகளில் அமைந்த அரபிலக்கணம். அதற்கு இப்னு அகீல் எழுதிய உரையோடு அதனை ஓதி, தேர்வும் பெற்றுவிட்டோம். பின்னொரு நாள் இளைய மாணவர் ஒருவர், "ஹாலுக்கும் நஸ்பு, தம்யீஸுக்கும் நஸ்பு, ஒரு சொல்லைக் கண்டவுடன் இது ஹால், இது தம்யீஸ் என்று எப்படி அறிவது?" என்று கேட்டார். ஒன்று செயல் நிகழ்ந்தபோதிருந்த நிலையைச் சொல்வது. மற்றொன்று மயக்கத்தை நீக்கி இன்னதென்று வரையறுப்பது. இலக்கண விதி நம் நாவில் இருந்தது. அவர் காட்டிய எடுத்துக்காட்டில் அதனைப் பொருத்திக் காட்ட முடியாமல் விழித்தோம். அன்றிரவு உறங்காமல் புத்தகத்தைப் புரட்டினோம். 'ஸைத் சவாரி செய்தவனாய் வந்தான்' என்பதில் எவ்வாறு வந்தான் என்று கேட்கலாம். 'ஓர் இராத்தல் எண்ணெய் வாங்கினேன்' என்பதில் அவ்வாறு கேட்க இயலாது, எதில் ஓர் இராத்தல் என்றே கேட்கவேண்டும். எந்த வினாவுக்கு அச்சொல் விடையாகிறது என்று பார்த்தாலே போதும் என்று விடியற்காலையில் விளங்கிற்று. தேர்வெழுதி ஓராண்டு கழிந்த பின்னரே நாம் அப்பாடத்தைக் கற்றோம் என்று சொல்லவேண்டும்.

இனிச் சட்டாம்பிள்ளைக்கு வருவோம். இவன் கதை கடல் கடந்து சென்ற கதை.

ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-இல் இந்தியாவுக்கு வந்தார். 1789-இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென ஏற்பட்ட விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மேற்கொண்டார். அப்பிள்ளைகளுட் பெரும்பாலோர் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்நாட்டு மகளிர்க்கும் பிறந்தவர்கள். ஆசிரியர்களோ ஊக்கமற்றவர்கள். ஒருநாள் பெல் குதிரைமேற் செல்லும்போது, நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். 'மலபார்ப் பள்ளி' என்று அவர் குறிப்பதைப் படித்துவிட்டுச் சிலர் கேரளத்தை நினைத்துக்கொள்கின்றனர். அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் மலபாரிகள் என்றே அழைத்து வந்தனர்.

பெல் தம் பள்ளிக்குத் திரும்பி, அரிச்சுவடி வகுப்பில் மணலெழுத்தைப் புகுத்துமாறு ஆசிரியர்களுக்குக் கட்டளையிட்டார். அவர்கள் அது நடவாது என்று கைவிரித்தனர். மேல்வகுப்பில் இருந்த ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, "நீ கற்பி" என்றார். ஆசிரியர்கள் முடியாதென்றதை அச்சிறுவன் செய்து காட்டினான். அதன்பின் பள்ளி முழுவதும் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை பரவியது. 1796-இல் பெல் தாயகம் திரும்பினார்; மறு ஆண்டு இம்முயற்சியைப் பற்றி இலண்டனில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். 1798-இல் இலண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் இதையொத்த முறையைக் கையாண்டார். 1811-இல் பெல்லின் முறையைப் பரப்புவதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லாதிருந்த இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை'ப் பள்ளிகள் பெருகின. 1832-இல் பெல் காலமானார். அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு, அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு 'மெட்ராஸ் காலேஜ்' என்று பெயர். இன்றும் அப்பெயரோடு அது நடந்து வருகிறது.

மணலெழுத்தைத் தமிழரிடம் கண்டதாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணாக்கர் மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறை மட்டும் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். நமக்கு இதில் ஐயம் உண்டு. அவருக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக, 1623-இல், இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே மேற்குக்கரையை அடுத்த கன்னட நாட்டில், ஆசிரியர் இன்றியே சிறுவர் சிலர் மணலில் எழுதி, ஒருவர்க்கொருவர் பாடிக்காட்டிக் கணக்குப் பயின்றதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். 1826-இல் சர் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் இருந்த நாட்டுப் பள்ளிகள் 12,498. ஒரே ஆசிரியர் பல வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடத்திய அப்பள்ளிகளில் சட்டாம்பிள்ளையின்றி ஒருநாளும் நடந்திராது. திண்ணையில் மணலைக் கண்ட கண்களுக்கு அங்கே அமர்ந்திருந்த சட்டாம்பிள்ளை தென்படவில்லை என்பதை நம்ப நமக்கு மனம் வரவில்லை.

சட்டாம்பிள்ளையின் கொடுமைகளையும் மறைக்கலாகாது. டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் திண்ணைப் பள்ளியைப் பற்றி எழுதியதைப் படித்தவர்கள் அவன் ஆட்சி எத்தகையது என்பதை அறிவர். இங்கிலாந்திலோ வேறு தீங்கு விளைந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் போதும், செலவு குறையும் என்பதே அம்முறையின் பெருமையாயிற்று. சுவரில் தொங்கும் அச்சட்டையைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்க, மூத்தவன் கேட்பதும் இளையவர் கூவுவதுமாக அது ஓர் ஆலைபோல் இயங்கிற்று. அரைக்கூறு புலமையைத் தரவல்ல முறையை எடுத்துச் சென்றவர்கள் அதில் சிக்கனத்தை மட்டும் கண்டார்கள்.

ஆங்கிலம் நம் நாட்டுக்குக் கல்வியாக வந்த வரலாறு பலரும் அறிந்ததே; விரித்துரைக்க வேண்டியதில்லை. 1835 பிப்ரவரி 2-ஆம் நாள் மெக்காலே தம் அறிக்கையை எழுதினார். வடமொழியோ அரபியோ தமக்குத் தெரியாதென்று அதிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, அவ்விரு மொழி இலக்கியங்களின் தகுதியை எடைபோட்டுத் தீர்ப்பும் கூறிவிட்டார். தெரியாததைத் தெரியாதென்று சொன்ன நேர்மையை மட்டும் நாம் பாராட்டலாம். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. ஆங்கிலத்தில் தேறாதவனுக்கு அதன் வாயில் திறக்காது. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் தனிப்பட்ட வகுப்பானது 1894-இல்தான் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அதற்கு முன்னரே நம் மாகாணத்துப் பிள்ளைகள் ஷேக்ஸ்பியரை வரிவரியாக மனனம் செய்துகொண்டிருந்தனர்.

நம் ஆலிம்களும் புலவர்களும் ஆங்கிலத்தை அடியோடு வெறுத்தார்கள் என்பது முழு உண்மையன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட நாகூர் குலாம் காதிறு நாவலர், ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியரின் நாவலைத் தமிழாக்கியவர். நமக்கு அணித்தாயுள்ள வடலூரில், 1867-இல் சத்திய தருமச்சாலை கண்ட வள்ளலார், தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்பிக்கும் பாடசாலையொன்றையும் நிறுவினார். வாணியம்பாடியில் 1919-இலும், திருச்சியிலும் சென்னையிலும் 1951-இலும் முஸ்லிம் பெருமக்கள் கல்லூரிகள் கண்டனர். தடையாய் நின்றது மொழியைவிடத் தேர்வுதான்.

அத்தேர்வில் நமக்கு மிகவும் பிடித்த வினா ஒன்று உண்டு. 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்பது அது. ஆங்கில இலக்கியத் தேர்விலிருந்து தமிழ்த் தேர்வுக்கு வந்தது இத்தொடர். ஆயின் கருத்து நமக்குப் பழையது. அகப்பாட்டு ஒவ்வொன்றன் கீழும், இது தலைவி தோழிக்குச் சொன்னது, இது தோழி செவிலிக்குச் சொன்னது என்று துறை வகுத்து எழுதியவர்கள் இடஞ்சுட்டியே பொருள் விளக்கினார்கள். திருமறை விரிவுரையாளர்கள் வசனம் இறங்கிய சூழலை ஆராய்ந்ததும் அவ்வழியே. பவணந்தியார் உரைக்கு வகுத்த பதினான்கு கூறுகளுள் வினா ஒன்று, விடை ஒன்று. 'நீ இவ்வாறு கேட்பாயாயின், யாம் இவ்வாறு கூறுவோம்' என்னும் வாய்பாடு அரபு உரைநூல்களில் பக்கத்துக்குப் பக்கம் வரும். உரையாசிரியன் மாணாக்கனின் வினாவைத் தானே எழுப்பிக் கொடுத்து, வினவக் கற்பித்தான். தேர்வுமுறை அவ்வினாவை மாணாக்கனிடமிருந்து பிடுங்கித் தேர்வாளர் கையில் கொடுத்துவிட்டது.

அதனால் நேர்ந்த இழப்புகளுள் உலகறிந்தது கணிதமேதை இராமானுஜனின் கதை. கும்பகோணத்தில் அவர் வீட்டில் கல்லூரி மாணவர் இருவர் குடியிருந்தனர். பதினோரு வயதுச் சிறுவன் கணக்கில் ஐயங்கேட்டுக் கேட்டு, அவ்விருவரும் அறிந்ததனைத்தையும் தீர்த்துவிட்டான் என்பர். பின்னர் லோனி எழுதிய திரிகோணமிதி நூலை அவர்கள் வழியே பெற்றுப் பதின்மூன்று வயதுக்குள் கரைகண்டான். முஈதும் சட்டாம்பிள்ளையும் அவ்வீட்டில் வாடகைக்கு வந்து தங்கியிருந்தனர் என்றே சொல்லத் தோன்றுகிறது. 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார் இராமானுஜன். உ.வே.சா. அக்கல்லூரியை விட்டுச் சென்னைக்கு மாறிச் சென்ற மறு ஆண்டு அது. ஆங்கிலக் கட்டுரைத்தாளில் தேறவில்லை, உதவித்தொகை பறிபோயிற்று. பின்னர்ச் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் அவர் வெற்றிபெறவில்லை. கேம்பிரிட்ஜ் அவரை வரவழைத்துக்கொண்டதால் நமக்கு இச்செய்தி தெரிகிறது. கணக்கில் மேதையாகாமல், ஆங்கிலத்தில் மட்டும் தவறி வீடு திரும்பியவர்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்?

இத்தேர்வுகளுக்குத் துணையாக உரைநூல்கள் பிறந்தன. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், திருச்சி தூய வளனார் கல்லூரித் தமிழாசிரியர் ஐயம்பெருமாள் கோனார் எழுத, பழனியப்பா பிரதர்ஸார் வெளியிட்ட தமிழ் உரை, 'கோனார் நோட்ஸ்' என்னும் பெயரால் தமிழகமெங்கும் பரவியது. அதனை ஏளனம் செய்வது கற்றோர் சிலர்க்கு வழக்கம். நாம் அதற்கு உடன்படோம். புலவர் இல்லாத சிற்றூரில், சீவகசிந்தாமணிச் செய்யுள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்த பிள்ளைக்குப் பதவுரையும் பொழிப்புரையும் இலக்கணக் குறிப்பும் தந்து உதவிய நூல் அது. அதனைக் கையில் வைத்திருந்தவன் செய்யுளையும் பக்கத்தில் வைத்தே தீரவேண்டும். பின்னாளில் பெருகிய விடைநூல்கள் வேறு வகையின. பாடநூலைத் திறவாமலே அவற்றைப் படித்து முடிக்கலாம். நாம் பையனுக்குப் படித்துக்காட்டியது அத்தகைய நூல். இப்போது செல்பேசியிடம் கேட்டால் விடைநூலைப் புரட்டும் நேரமும் மிச்சம்.

பண்ருட்டிப் பிள்ளைகளுக்கு இதில் தனியே ஓர் இடர் உண்டு. சில கல் தொலைவில் நெய்வேலி. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரி வெளிப்பட்டது. பல மாநிலத்துப் பொறியாளர்களும் குடியேறிய நகரியம் அது. அங்கே பல வீடுகளில் பிள்ளைகள் உணவு மேடையிலேயே ஆங்கிலம் கேட்டு வளர்ந்தனர். பலாவும் முந்திரியும் விளையும் இப்பக்கத்துப் பிள்ளையோ ஆங்கிலத்தைக் காண்பது பாடநூலில் மட்டுமே. இருவருக்கும் தேர்வுத்தாள் ஒன்று. நகரியத்துப் பிள்ளைக்கு 'ஒய்' என்றாலும் 'வாட் மேட்' என்றாலும் ஒன்றுதான் என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே இருவகையாகவும் கேட்டிருக்கும். நம் பிள்ளைக்கு அதனைச் சொல்வதற்கு ஒருவர் பக்கத்தில் அமரவேண்டும்.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021-இல் தமிழக அரசு விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கி வைத்த 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில், ஊர்ப் பெண்களும் இளைஞர்களும் தன்னார்வலராக மாலைதோறும் பிள்ளைகளோடு அமர்ந்தனர். திண்ணையில் பாய் விரித்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிக் காட்டியதை நம் தெருவிலேயே கண்டோம். அவளை எவரும் சட்டாம்பிள்ளை என்று அழைக்கவில்லை. 'அக்கா' என்றே அழைத்தனர்.

அதனைக் கண்ட பிறகு நாமும் நம் மாலைப் பாடத்தை மாற்றினோம். விடைநூலைப் பூட்டி வைத்தோம். ஒன்பதாம் வகுப்பில் படிப்போர் ஏழாம் வகுப்பினரோடு அமரவேண்டும்; சொல்லித் தரவேண்டும்; விடையை எழுதிக் கொடுக்கலாகாது. எந்தப் பாடத்துக்கும் முதலில் வினாக்களையே எழுதவேண்டும். ஒரே வினாவை எத்தனை வகையாகக் கேட்கலாம் என்று சிறியவர்கள் ஆக்கிக் காட்டவேண்டும். நாம் அருகில் அகராதியோடு அமர்ந்திருப்போம். பெற்றோர் சிலர்க்கு இது பிடிக்கவில்லை. "ஹஜ்ரத் இப்போ சொல்லித் தர்றதில்லையாமே, பிள்ளைங்களே பேசிக்குதாமே" என்று குறைப்பட்டு இரண்டு பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். மதிப்பெண்கள் ஏறிவிட்டன என்று சொல்லவும் இன்னும் காலம் வரவில்லை. கடைக்குப் போன பையன் பெருநாளைக்கு ஊருக்கு வந்தபோது நம்மைப் பார்க்க வந்தான். பிள்ளைகள் வினாக்களை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருப்பதைத் தூணருகே நின்று சற்றுநேரம் பார்த்தான். துணைத்தேர்வைப் பற்றி மீண்டும் கேட்டோம். "பார்க்கலாம் ஹஜ்ரத்" என்றான்.

சென்ற மாதம் பனி பெய்வதைப் பற்றிய ஆங்கிலப் பாட்டொன்று ஏழாம் வகுப்புச் சிறுவனுக்கு வீட்டுப்பாடமாக வந்தது. 'ஸ்னோ' என்றால் என்ன என்று கேட்டான். நாம் முந்திக்கொண்டு, ஆலங்கட்டி மழை போன்றது என்றோம். பாலைவனத்தையும் கூடாரத்தின் சாம்பலையும் காணாமலே இம்ரவுல் கைஸின் கவிதையைப் பாடஞ் சொன்ன துணிவு அது. சிறுவனுக்கு அக்காவாக அமர்ந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் தயங்கித் தயங்கி, "அது இல்லீங்க ஹஜ்ரத்" என்றாள். கடையில் ஐஸ்பெட்டியின் உட்சுவரில் வெள்ளையாய்ப் படிந்திருக்குமே, விரலால் சுரண்டினால் பூவாக உதிருமே, அது சத்தமில்லாமல் வானத்திலிருந்து விழுந்தால் எப்படியோ, அப்படி என்று அவனுக்கு விளக்கினாள். ஆலங்கட்டி ஓசையோடு விழும். பாட்டில் ஓசையே இல்லையென்று வருகிறதே என்று நமக்கும் சுட்டிக்காட்டினாள்.

"அப்போ அந்த ஆளு ஏன் வீட்டுக்குப் போகாம வெளியிலேயே நிக்கிறாரு? குளிராதா?" என்றான் சிறுவன்.

அவள் விடை சொல்லவில்லை. பாட்டை மீண்டும் முதலடியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.